கதவைப் பூட்டும் விதிகளும் கடமையை மறக்கும் நிர்வாகங்களும்

புதிய கல்வியாண்டு தொடங்கும்போது, கல்லூரி விடுதிகளில் இடம் பெறும் மாணவரிடமும் பெற்றோரிடமும் ஓர் உறுதிமொழிப் பத்திரம் நீட்டப்படுகிறது. இத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும். முன் அனுமதியின்றி வெளியூர் செல்லக் கூடாது. உள்ளூர்க் காப்பாளர் ஒருவரின் பெயரும் ஒப்பமும் வேண்டும். கூட்டம் கூடக் கூடாது. போராட்டங்களில் பங்கேற்கக் கூடாது. விதியை மீறினால் எவ்வித விசாரணையுமின்றி வெளியேற்றும் உரிமை நிர்வாகத்திற்கு உண்டு. இடம் கிடைத்ததே பெரிதென்று எண்ணும் பெற்றோர் படித்தும் படிக்காமலும் கையெழுத்திடுகின்றனர். அந்தப் பத்திரத்தில் மாணவரின் கடமைகள் வரிசையாக எண்ணிடப்பட்டிருக்கும். நிர்வாகத்தின் கடமை என ஒரு வரியும் பெரும்பாலும் இருப்பதில்லை. குடிநீர், கழிப்பறை, ஓர் அறையில் எத்தனை பேர், உணவின் தரம், மருத்துவ உதவி, புகார் கேட்கும் அமைப்பு ஆகிய எதற்கும் அங்கே உறுதிமொழி கிடையாது.

விடுதிக்கு விதிகள் தேவையா என்பது இங்கே விவாதமன்று. நூற்றுக்கணக்கானோர் கூடி வாழும் இடத்தில் விதிகள் இன்றியமையாதவை. அவ்விதிகளை யார் வகுக்கிறார்கள், யார் மீது அவை பாய்கின்றன, எவருடைய கடமைகள் அவற்றில் விடுபடுகின்றன என்பதே கேள்வி. இக்கேள்வியை அண்மைக் காலத்தில் கூர்மையாக எழுப்பியவர்கள் திருவனந்தபுரத்தின் மாணவிகள். அவர்களுடைய அனுபவம் தமிழ்நாட்டு மாணவர் இயக்கத்திற்கும் பாடமாகும்.

திருவனந்தபுரத்தில் எழுந்த கேள்வி

திருவனந்தபுரம் அரசு பொறியியல் கல்லூரி 1939இல், திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில் தொடங்கப்பட்டது. கேரளத்தின் முதல் பொறியியல் கல்லூரி என்ற பெருமை அதற்கு உண்டு. எழுத்தறிவிலும் பெண்கல்வியிலும் நாட்டிற்கே முன்னோடி எனப் போற்றப்படும் மாநிலத்தின் தலைநகரில் உள்ள இக்கல்லூரியின் மகளிர் விடுதி, 2015 வரை மாலை 6:30 மணிக்கே அடைக்கப்பட்டு வந்தது. ஆண் மாணவர்களுக்கு அத்தகைய நேரக்கட்டு இருக்கவில்லை. அந்த ஆண்டில் மாணவிகள் 'ஊரடங்கை உடைப்போம்' என்ற முழக்கத்துடன் போராட்டத்தில் இறங்கினர்.

அவர்கள் எழுப்பிய வாதம் எளிமையானது. நூலகமும் ஆய்வகமும் இருவருக்கும் பொதுவானவை. கட்டணமும் தேர்வும் இருவருக்கும் ஒன்றே. ஆனால் மாலை 6:30க்குப் பின் நூலகத்தில் அமரும் உரிமையும், செய்முறைத் திட்டத்தைக் குழுவாக முடிக்கும் வாய்ப்பும், கலைவிழாவுக்கு ஒத்திகை பார்க்கும் நேரமும், மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசும் உரிமையும் ஒரு பாலருக்கு மட்டுமே எஞ்சுகின்றன. நாளுக்குச் சில மணி நேரம் என்றாலும் நான்காண்டுப் படிப்பில் அது எத்தனை நாட்கள் ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆகவே விடுதிக் கதவின் நேரம் ஒழுக்கப் பிரச்சினையாகச் சித்தரிக்கப்பட்டாலும் அடிப்படையில் அது கல்வி உரிமைப் பிரச்சினை. அதே ஆண்டில் டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் 'பிஞ்ஜ்ரா தோட்' என்ற பெயரில், கூண்டை உடைக்கும் இயக்கம் எழுந்தது தற்செயலானதன்று. உயர்கல்விக்குள் பெருந்திரளாக நுழைந்த பெண்களின் தலைமுறை, முந்தைய தலைமுறைக்காக எழுதப்பட்ட விதிகளோடு மோதியது.

இக்கோரிக்கை உடனே வென்றுவிடவில்லை. 2015இல் ஐக்கிய ஜனநாயக முன்னணியும் அதன்பின் இடது ஜனநாயக முன்னணியும் ஆட்சியில் இருந்தன. 2019இன் தொடக்கத்தில்தான் விடுதி திரும்பும் நேரத்தை இரவு 9:30 என நிர்ணயிக்கும் அரசாணை வந்தது. பெண்ணுரிமை பேசும் மாநிலத்திலும், இடதுசாரி அரசின் கீழும் கூட, மூன்று மணி நேரத்தைக் கூடுதலாகப் பெற நான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன. ஆட்சி மாற்றம் மட்டுமே ஆணாதிக்க வழக்கங்களைத் தானாக அகற்றிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கதவுக்கு வெளியே நிலைமை என்ன என்பதை 2022 ஜூலை நிகழ்வு காட்டியது. அதே பொறியியல் கல்லூரிக்கு அருகில், ஸ்ரீகாரியம் பகுதியில் உள்ள பேருந்து நிறுத்தத்தின் நீண்ட இருக்கை மூன்று தனி இருக்கைகளாக வெட்டப்பட்டது. ஆணும் பெண்ணும் அருகருகே அமர்வதைத் தடுப்பதே இதன் நோக்கமெனக் குற்றஞ்சாட்டிய மாணவர்கள், ஒருவர் மடியில் ஒருவர் அமர்ந்து படமெடுத்து வெளியிட்டுத் தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தனர். நகர மேயர் நேரில் வந்து பார்வையிட்டு, அனைவருக்குமான புதிய நிழற்குடை அமைக்கப்படும் என்று அறிவித்தார். பின்னர் பழைய நிறுத்தம் இடிக்கப்பட்டது. விடுதியின் பூட்டும் வெட்டப்பட்ட இருக்கையும் ஒரே சிந்தனையின் இரு வடிவங்களாகும்.

நீதிமன்றம் வரை சென்ற வழக்குகள்

கேரள உயர்நீதிமன்றம் இப்பிரச்சினையில் வழங்கிய தீர்ப்புகள் கவனத்திற்குரியவை. திருச்சூர் ஸ்ரீ கேரள வர்மா கல்லூரியின் மகளிர் விடுதியில், அரசியல் கூட்டங்களிலும் ஊர்வலங்களிலும் பங்கேற்கக் கூடாது, திரைப்படங்களின் மாலை, இரவுக் காட்சிகளுக்குச் செல்லக் கூடாது என்றெல்லாம் விதிகள் இருந்தன. 2019 பிப்ரவரியில் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. தனது ஒழுக்கக் கருத்துகளை விடுதிவாசிகள் மீது நிர்வாகம் திணிக்க முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அதே ஆண்டு செப்டம்பரில் கோழிக்கோடு மாவட்டம் சேளன்னூரில் உள்ள ஒரு கல்லூரி மாணவியின் வழக்கில் தீர்ப்பு வந்தது. மகளிர் விடுதியில் குறிப்பிட்ட நேரங்களில் கைபேசி பயன்படுத்தத் தடை விதிக்கப்பட்டிருந்தது. அதை ஏற்க மறுத்த மாணவி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்ட உயர்நீதிமன்றம், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று கூறியது.

2022 நவம்பரில் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள், 9:30 மணிக் கட்டுப்பாட்டை எதிர்த்துப் போராடியதோடு நீதிமன்றத்தையும் அணுகினர். பெண்களை மட்டும் ஏன் பூட்டி வைக்க வேண்டும், தொல்லை தருபவர்கள் ஆண்கள் என்றால் அவர்களை அல்லவா பூட்ட வேண்டும் என்ற கருத்துப்பட நீதிபதி கேள்வி எழுப்பினார். அவ்வழக்கில் கேரள சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் எடுத்த நிலை வெட்கத்திற்குரியது. மனித மூளை 25 வயதில்தான் முழு வளர்ச்சி அடைகிறது, 18 வயதில் முழுச் சுதந்திரம் பொருத்தமற்றது என்ற வாதத்தை அது முன்வைத்தது. 18 வயதில் வாக்களித்து நாட்டின் அரசைத் தேர்ந்தெடுக்கும் குடிமகள், இரவு பத்து மணிக்கு நூலகத்திலிருந்து அறைக்கு நடந்து செல்லும் முதிர்ச்சி அற்றவள் என்பதே இதன் பொருள். அந்த வயதுக் கணக்கு மாணவர்களான ஆண்களுக்குப் பொருந்தாதா என்பதற்கும் அந்த வாதத்தில் விடை இல்லை.

அவ்வழக்கு நடைபெறும்போதே, 2022 டிசம்பர் 6 அன்று, ஆண்கள் விடுதிக்கும் பெண்கள் விடுதிக்கும் ஒரே விதி என மாநில அரசு ஆணையிட்டது. கதவு இரவு 9:30க்கு மூடப்படும். முதலாண்டு மாணவர் அல்லாதோர் அதன்பின்னும் நடமாட்டப் பதிவேட்டில் எழுதிவிட்டு உள்ளே வரலாம். இது முழு வெற்றியன்று. எனினும் பாலினத்தின் பேரில் இரு விதிகள் கூடாது என்ற கொள்கை அரசாணையில் இடம்பெற்றது போராட்டத்தின் விளைவே.

உண்மையில் இக்கொள்கை அதற்கும் முன்பே நாடு முழுமைக்கும் விதியாக உள்ளது. உயர்கல்வி நிறுவனங்களில் பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குமுறைகள் 2016 மே மாதம் அரசிதழில் வெளியாயின. மாணவிகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண் மாணவர்களுக்கு இல்லாத பாரபட்சமான விதிகளை மகளிர் விடுதிகளில் திணிக்கக் கூடாது என்றும், பாதுகாப்பு ஏற்பாடுகள் பெண்களின் நடமாட்டத்தை ஒடுக்கும் கண்காணிப்பாக மாறக் கூடாது என்றும் அவை தெளிவாகக் கூறுகின்றன. விதியை மீறியதாக மாணவிகளுக்கு விளக்கம் கேட்டு ஓலை அனுப்பும் நிர்வாகங்கள், தம்மைக் கட்டுப்படுத்தும் இந்த விதியை மீறிக்கொண்டே அதைச் செய்கின்றன.

அச்சம் உண்மையானது; தீர்வு பொய்யானது

பெற்றோரின் அச்சத்தை எள்ளி நகையாடுவது சரியன்று. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் மகளை, அன்றாடக் கூலியில் வாழும் தாயும் தந்தையும் தொலைவூருக்கு அனுப்புகின்றனர். விடுதி என்று ஒன்று இருப்பதால்தான் அந்தப் பெண்ணால் ஊரைவிட்டு வெளியே வர முடிகிறது. கதவு பூட்டப்படும் என்ற உறுதி இல்லாவிட்டால் படிப்பே நின்றுவிடும் என்று கருதும் குடும்பங்கள் உண்டு. பிஞ்சுக் கனவுகள் பல அந்த அச்சத்தில் கருகிப் போயிருக்கின்றன. இந்த அச்சத்திற்கு நேர்மையான பதில் கூறும் பொறுப்பு ஜனநாயக இயக்கங்களுக்கு உண்டு.

ஆனால் பூட்டு அந்தப் பாதுகாப்பைத் தந்ததா? 2024 டிசம்பர் 23 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானது மதில் சூழ்ந்த வளாகத்திற்கு உள்ளேதான். குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் வெளிப்படும் வகையில் முதல் தகவல் அறிக்கை கசிந்தது. சென்னை உயர்நீதிமன்றம் அதைக் கண்டித்து இழப்பீட்டுக்கு உத்தரவிட நேர்ந்தது. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொலை செய்யப்பட்டது அவருடைய பணியிடத்திலேயே. அதற்குப் பதிலாக மேற்கு வங்க அரசு, இயன்றவரை பெண்களுக்கு இரவுப் பணியைத் தவிர்க்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. பாதுகாப்பு அளிப்பது அரசின் கடமை, பெண்கள் இரவில் பணியாற்றக் கூடாது என்று கூற முடியாது என உச்ச நீதிமன்றம் அந்த அறிவுறுத்தலைத் திருத்தச் சொன்னது.

விடுதிக் கதவை மாலையில் பூட்டும் கல்லூரியும், இரவுப் பணியைத் தவிர்க்கச் சொல்லும் அரசும் ஒரே தந்திரத்தைக் கையாள்கின்றன. தெருவிளக்கு அமைப்பதற்கும், இரவுப் பேருந்து இயக்குவதற்கும், உள்ளகப் புகார்க் குழுவைச் சட்டப்படி நடத்துவதற்கும், போதிய ஊழியர்களை நியமிப்பதற்கும் செலவாகும். பூட்டு மலிவானது. தனது செலவைக் குறைத்துக்கொள்ளும் நிர்வாகம், அதன் விலையைப் பெண்ணின் நேரத்திலும் வாய்ப்பிலும் வசூலிக்கிறது. இதோடு தாமதமாகத் திரும்பும் மாணவி, வழியில் நேர்ந்த தொல்லையைப் புகாராகச் சொன்னால் தானே தண்டிக்கப்படுவோமோ என அஞ்சி வாய்மூடுகிறாள். ஆக, பாதுகாப்பின் பெயரால் வந்த விதி குற்றவாளிக்கே கவசமாகிறது.

இந்தச் சிக்கனத்தின் மற்றொரு பலி விடுதி ஊழியர்கள். ஒப்பந்த அடிப்படையில் குறைந்த ஊதியத்தில் வேலை செய்யும் மேட்ரன்களும் வாயிற்காவலர்களும் மாணவிகளைக் கண்காணிக்கும் போலீஸாக்கப்படுகின்றனர். ஏதேனும் நேர்ந்தால் முதலில் வேலை இழப்பவர்களும் அவர்களே. மாணவர்களின் கோபம் வாசலில் நிற்கும் தொழிலாளியின் மீது திரும்பாமல், விதியை எழுதிய அறையை நோக்கித் திரும்ப வேண்டும்.

பொதுவழியில் நடக்கும் உரிமை திருவனந்தபுரத்திற்குப் புதிதான பொருளன்று. 1893இல் வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி, ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மறுக்கப்பட்ட பாதையில் வில்லுவண்டி ஓட்டிச் சென்றார். பின்னர் தம் மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கதவு திறக்கும்வரை வயலில் இறங்க மாட்டோம் என விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டினார். வழியும் பள்ளியும் அங்கே ஒரே போராட்டத்தின் இரு முனைகளாக இருந்தன. மாணவிகளின் இன்றைய கோரிக்கையும் அந்த மரபைச் சேர்ந்தது.

சுதந்திரம் வலியவரின் ஆட்சியன்று

இவ்வளவும் கூறும்போது மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. 2024 பிப்ரவரியில் வயநாடு மாவட்டம் பூக்கோடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக விடுதியில், சக மாணவர்களின் தொடர் தாக்குதலுக்கும் இழிவுக்கும் ஆளான இளம் மாணவர் ஒருவர் உயிரிழந்தார். குற்றம் சாட்டப்பட்டோரில் இடதுசாரி மாணவர் அமைப்பைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். கேரளத்தில் கேலிவதைத் தடைச் சட்டம் 1998 முதல் நடைமுறையில் உள்ளது. தமிழ்நாட்டில் 1997 முதல் உள்ளது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் ஒழுங்குமுறைகளை வகுத்தது. இத்தனை இருந்தும், ஒரு விடுதிக்குள் பலர் அறிய ஒரு மாணவர் வதைக்கப்பட முடிந்தது.

பெண்கள் விடுதியில் கதவின் ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணும் அதே நிர்வாக அமைப்பு, ஆண்கள் விடுதியில் உள்ளே நடப்பதைக் காணாமல் இருந்துவிடுகிறது. ஒரு பக்கம் மிகைக் கண்காணிப்பு, மறுபக்கம் கைகழுவல். இரண்டிலும் மாணவர் என்ற குடிமகனின் உரிமைக்கு மதிப்பில்லை. மாணவர் அமைப்புகளுக்கும் இதில் தப்பிக்க வழியில்லை. விடுதியில் ஓர் அமைப்பு பெறும் செல்வாக்கு, அங்குள்ள மிகவும் பலவீனமான முதலாண்டு மாணவர் அச்சமின்றித் தூங்குகிறாரா என்பதைக் கொண்டே அளக்கப்பட வேண்டும். கொடியின் நிறம் எதுவாயினும், வன்முறையில் ஈடுபட்டவரைக் காப்பாற்ற முயலும் அமைப்பு மாணவர் உரிமை பேசும் தகுதியை இழக்கிறது.

ஆகவே மாணவருக்கும் கடமைகள் உண்டு. அறைத்தோழரின் உறக்கத்தையும் படிப்பையும் மதித்தல், பொதுச்சொத்தைப் பேணுதல், மெஸ் கணக்கை நேர்மையாகத் தீர்த்தல், சாதியின் பேராலோ மதத்தின் பேராலோ மொழியின் பேராலோ எவரையும் ஒதுக்காதிருத்தல், கேலிவதையைக் கண்டால் மௌனம் காக்காதிருத்தல் ஆகியவை அவற்றில் தலையாயவை. இவை ஒருவர் இன்னொருவருக்குச் செய்ய வேண்டிய கடமைகள். நிர்வாகத்திற்குப் பணிவதற்கான நிபந்தனைகள் அல்ல.

கட்டணமும் ஒரு பூட்டு

கதவின் பூட்டு கண்ணுக்குத் தெரியும். கட்டணத்தின் பூட்டு கண்ணுக்குத் தெரியாது. 2019 அக்டோபரில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக நிர்வாகம் கொண்டுவந்த புதிய விடுதிக் கையேட்டில் இரண்டும் ஒன்றாக இருந்தன. நேரக் கட்டுப்பாடு, உடைக் கட்டுப்பாடு ஆகியவற்றோடு, 20 ரூபாயாக இருந்த தனியறை வாடகை 600 ரூபாயாகவும், 10 ரூபாயாக இருந்த இருவர் அறை வாடகை 300 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. மாதம் 1,700 ரூபாய் சேவைக் கட்டணமும் அறிவிக்கப்பட்டது. மாணவர் சங்கத்தின் நீண்ட போராட்டமே அதன் ஒரு பகுதியையேனும் பின்வாங்கச் செய்தது. ஊழியர் ஊதியத்தையும் மின்கட்டணத்தையும் மாணவர் தலையில் சுமத்தும் இக்கொள்கை, உயர்கல்வியிலிருந்து அரசு விலகும் பெருந்திட்டத்தின் பகுதியாகும்.

தமிழ்நாட்டிலும் நிலைமையைப் பார்க்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகளின் விடுதிகளுக்கு 2025 ஜூலையில் 'சமூகநீதி விடுதிகள்' எனப் பெயர் மாற்றப்பட்டது. பெயர் மாற்றம் வரவேற்கத்தக்கதே. ஆனால் கல்லூரி மாணவர் ஒருவருக்கு மாதம் 1,100 ரூபாயாக இருந்த உணவுப்படி 2023இல்தான் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு 50 ரூபாய். மூன்று வேளை உணவு அதற்குள் முடிய வேண்டும். இந்த 50 ரூபாயில் சமூகநீதியின் அளவு தெரிகிறது. மாணவர் எத்தனை மணிக்குத் திரும்பினார் என்று பதிவேடு வைக்கும் அரசும் பல்கலைக்கழகமும், அவருடைய தட்டில் என்ன விழுந்தது என்பதற்கும் பதிவேடு வைக்கக் கடமைப்பட்டுள்ளன.

விதிகளை யார் எழுதுவது?

விடுதி என்பது கல்வியின் உறுப்பு. வீட்டில் தனி அறையும் விளக்கும் இல்லாத பிள்ளைக்கு அதுவே முதல் படிப்பறை. அங்கே தங்குவோர் வயது வந்த குடிமக்கள். மெஸ் குழுவைத் தாங்களே தேர்ந்தெடுத்து, காய்கறி முதல் எரிவாயு வரை கணக்கு எழுதி, மாதச் செலவைத் தலைக்கு இவ்வளவு எனப் பங்கிட்டுக்கொள்ளும் முறையைப் பல விடுதிகளில் மாணவர்கள் பல்லாண்டுகளாகத் திறம்பட நடத்தி வருகின்றனர். அடுப்படியை நடத்தத் தெரிந்தவர்களுக்குக் கதவின் நேரத்தை முடிவு செய்யத் தெரியாது என்பது ஏற்கத்தக்கதன்று.

எனவே, ஒவ்வொரு விடுதியிலும் வாக்கெடுப்பின் மூலம் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் குழு அமைக்கப்பட வேண்டும். அதன் ஒப்புதலின்றி எந்த விதியும் கட்டணமும் மாற்றப்படக் கூடாது. ஆண், பெண் விடுதிகளுக்கு ஒரே விதி என்ற மானியக் குழுவின் ஒழுங்குமுறை தமிழ்நாட்டின் அரசு, உதவிபெறும், தனியார் கல்லூரிகள் அனைத்திலும் நடைமுறைக்கு வர வேண்டும். நூலகமும் படிப்பறையும் திறந்திருக்கும் நேரம்வரை விடுதிக் கதவும் திறந்திருக்க வேண்டும். விசாரணையின்றி வெளியேற்றும் அதிகாரம் நீக்கப்பட்டு, மாணவர் பிரதிநிதிகள் இடம்பெறும் மேல்முறையீட்டு அமைப்பு வேண்டும். உள்ளகப் புகார்க் குழுவும் கேலிவதைத் தடுப்புக் குழுவும் ஏட்டளவில் நில்லாமல், அவற்றின் உறுப்பினர் பெயர்களும் தொடர்பு எண்களும் விடுதியின் ஒவ்வொரு தளத்திலும் ஒட்டப்பட வேண்டும். விடுதி ஊழியர்களின் ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டு நிரந்தரப் பணியும் சட்டப்படியான ஊதியமும் வழங்கப்பட வேண்டும். உணவுப்படி விலைவாசியோடு இணைக்கப்பட வேண்டும்.

மாணவர் அமைப்புகளும் மாதர் இயக்கங்களும் தொழிற்சங்கங்களும் இக்கோரிக்கைகளைப் பெற்றோரிடம் நேரில் கொண்டுசெல்ல வேண்டும். மகளுக்கு இருட்டில் பூட்டு வேண்டுமா, வழியெங்கும் விளக்கும் பேருந்தும் வேண்டுமா என்று அவர்களோடு அமர்ந்து பேச வேண்டும். அச்சத்தோடு கையெழுத்திட்ட அந்தப் பெற்றோரே இப்போராட்டத்தின் மிகப் பெரிய துணையாவர். வரும் கல்வியாண்டின் உறுதிமொழிப் பத்திரத்தில் நிர்வாகத்தின் கடமைகளும் எண்ணிடப்பட்டு, அதன் கீழ் நிர்வாகத்தின் கையொப்பமும் இடம்பெறும்வரை இந்தக் கோரிக்கை ஓயக் கூடாது.